மறுக்கத் தெரிந்த தொடுப்பு: தரவுத்தளங்களில் சான்றிதழ்ச் சோதனை

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் பதிவேடு என்பது வாழ்க்கையோடு ஒட்டிய விடயம். 2008, 2009 இடப்பெயர்வுகளில் கரைதுறைப்பற்றுக் குடும்பங்கள் பல, வீடு வளவுகளோடு காணி உறுதியையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்களையும் இழந்தன. மீள்குடியேற்றத்தின் பின்னர் நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்று ஒவ்வொரு தாளாகத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. தாள் போனால் ஆள் இருப்பதையே நிரூபிக்க வேண்டிவரும் என்பதை அனுபவத்தால் அறிந்த ஊர் இது.

அந்தத் தாள்களின் இடத்தை இன்று தரவுத்தளங்கள் பிடித்துவருகின்றன. குடும்ப சுகாதாரப் பணியகம் தாய் சேய் நலத் தரவுகளை நாடு முழுவதிலுமிருந்து மின்னணு முறைமை ஒன்றில் சேர்க்கிறது. ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்க்கும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளே அதன் அடித்தளம். 2020 ஜனவரியில், கொவிட் பரவத் தொடங்கியபோது, நாட்டுக்குள் வருவோரைப் பதிந்து கண்காணிக்க இலங்கை வல்லுநர்கள் அதே மென்பொருளில் அமைத்த முறைமை பின்னர் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. டிஎச்ஐஎஸ்2 தன் தரவுகளை வைத்திருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்: தரவுத்தளத்துக்கும் அதை நாடும் மென்பொருளுக்கும் இடையிலுள்ள தொடுப்பு பாதுகாப்பானது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? தொடுப்பு கிடைத்தது, தரவு வந்தது என்பது போதாது. கிடைக்கக்கூடாத நேரத்தில் அது மறுக்கப்பட்டதா என்று பார்த்தால்தான் சோதித்ததாகும். 2009இலிருந்து தொடரும் பிழை வரலாறு இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

கண்ணுக்குத் தெரியாத இரண்டாம் பாதை

முல்லைத்தீவில் ஓர் அலுவலர் கணினியில் ஒரு பதிவைத் திறக்கும்போது தரவு இரண்டு பாதைகளைக் கடக்கிறது. முதலாவது, அவருடைய உலாவியிலிருந்து இணையச் சேவையகம் வரையான பாதை. அதைப் பாதுகாக்கும் மறைகுறியாக்கத்தைப் பொதுமக்களும் ஓரளவு அறிவார்கள். சேவையகம் தன்னை அடையாளம் காட்ட நீட்டும் சான்றிதழில் கோளாறு இருந்தால் உலாவி திரை முழுக்க எச்சரிக்கை காட்டும். இரண்டாவது, இணையச் சேவையகத்திலிருந்து தரவுத்தளம் வரையான பாதை. அங்கே திரையும் இல்லை, எச்சரிக்கையைப் படிக்க மனிதரும் இல்லை. அமைப்புக் கோப்பு ஒன்றில் யாரோ ஒருநாள் எழுதிவைத்த ஒரு வரிதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

தரவுத்தளமும் இணையச் சேவையகமும் ஒரே கணினியில் இருக்கும்வரை இந்தப் பாதை வெளியே வருவதில்லை. பாவனை பெருகியதும் தரவுத்தளத்தை வேறு கணினிக்கோ மேகக் கணிமைக்கோ மாற்றுவார்கள். அன்றிலிருந்து கர்ப்பிணித் தாய்மாரின் விவரமும் பயனாளரின் கடவுச்சொல்லும் வலையமைப்பில் பயணிக்கின்றன. பழைய அமைப்புக் கோப்போ அப்படியே கிடக்கும். எல்லாம் முன்புபோலவே வேலை செய்வதால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

எட்டு பைட்டும் ஓர் எழுத்தும்

போஸ்ட்கிரெஸ் தொடுப்பு எப்படித் தொடங்குகிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். நாடிச் செல்லும் மென்பொருள் (வாடிக்கை மென்பொருள்) முதலில் எட்டு பைட் அனுப்புகிறது. முதல் நான்கில் நீளம், அடுத்த நான்கில் 80877103 என்ற எண். ‘மறைகுறியாக்கத்தில் பேசலாமா?’ என்பதே அதன் பொருள். சேவையகம் ஒரேயோர் எழுத்தில் பதில் சொல்லும். ‘எஸ்’ என்றால் சம்மதம், ‘என்’ என்றால் முடியாது. இந்தக் கேள்வியும் பதிலும் மறைகுறியாக்கம் தொடங்குவதற்கு முன்னரே நடக்கின்றன. ஆகவே வழியில் நிற்பவர் எவரும் அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட முடியும்.

மாற்றினால் என்ன நடக்கும்? அது ‘எஸ்எஸ்எல்மோட்’ என்ற அமைப்பைப் பொறுத்தது. அதற்கு ஆறு நிலைகள் உண்டு. யாரும் எதையும் குறிப்பிடாவிட்டால் ‘பிரிஃபர்’ என்ற நிலையே செல்லும்: மறைகுறியாக்கம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் திறந்த பாதையிலேயே பேசு. ஓர் எழுத்து மாறினால் போதும், மென்பொருள் சத்தமில்லாமல் திறந்த பாதைக்கு இறங்கிவிடும். அதற்கு அடுத்த ‘ரிக்வயர்’ நிலை மறைகுறியாக்கம் இல்லாமல் பேசாது. ஆனால் எதிரே இருப்பது யார் என்று கேட்காது. பொய்ச் சேவையகத்தோடு மிகப் பத்திரமாக மறைகுறியாக்கி உரையாடுவதால் யாருக்கு நன்மை?

அதற்கும் மேலே இரண்டு நிலைகள் இருக்கின்றன. போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து போய்வந்தவர்களுக்கு இவற்றின் வேறுபாடு உடனே புரியும். அடையாள அட்டை உண்மையிலேயே ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கியதுதானா என்று மட்டும் பார்ப்பது ‘வெரிஃபை-சிஏ’. அட்டையில் உள்ள படத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ‘வெரிஃபை-ஃபுல்’. முதலாவது மட்டும் போதுமென்றால், உண்மையான அட்டை ஒன்றை வைத்திருக்கும் எவரும் வேறொருவராக நடந்துபோகலாம். தரவுத்தள உலகிலும் அப்படித்தான். சான்றிதழில் உள்ள பெயரும் நாம் நாடிய சேவையகத்தின் பெயரும் பொருந்த வேண்டும். அதை உறுதிசெய்வது ஆறாவது நிலை மட்டுமே.

பிழைகளின் வரலாறு

சரியான நிலையைத் தேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்ததா? மென்பொருள் சொன்னபடி செய்கிறதா என்ற கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

2009 டிசம்பரில் போஸ்ட்கிரெஸ் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. சான்றிதழில் உள்ள பெயரின் நடுவே ‘வெறுமை’யைக் குறிக்கும் ஒரு பைட்டைச் செருகினால், அதுவரை உள்ள பகுதியை மட்டும் படித்துவிட்டுப் பெயர் பொருந்துவதாக மென்பொருள் ஏற்றுக்கொண்டது. 2012 பெப்ரவரியில் இன்னொரு திருத்தம் வந்தது. நீளமான பெயர்களை 32 எழுத்தோடு வெட்டிவிட்டு ஒப்பிட்டதால், சரியாக 32 எழுத்துப் பெயர் கொண்ட சேவையகத்தின் இடத்தில் வேறொன்று அமர வழி இருந்தது. 2015இல் மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளில் ‘பேக்ரோனிம்’ என்று பெயரிடப்பட்ட பிழை வெளிப்பட்டது. மறைகுறியாக்கம் வேண்டும் என்று நிர்வாகி தெளிவாக எழுதியிருந்தும், சேவையகம் முடியாது என்றால் வாடிக்கை மென்பொருள் திறந்த பாதையில் தொடர்ந்தது. எழுதிய கட்டளை வெறும் விருப்பமாகவே கொள்ளப்பட்டது.

2018இல் ஜாவா மொழிக்கான போஸ்ட்கிரெஸ் இணைப்பு மென்பொருளில் ஒரு குறை திருத்தப்பட்டது. சில அமைப்புகளில் சேவையகத்தின் பெயர் சரிபார்க்கப்படாமலே போனது. டிஎச்ஐஎஸ்2 போன்ற ஜாவா மென்பொருள்கள் தரவுத்தளத்தை அடைவது இத்தகைய இணைப்பு மென்பொருள் வழியாகத்தான் என்பதால் இது நமக்கு அந்நியமான செய்தியில்லை. 2021 நவம்பரில் திருத்தப்பட்ட இரட்டைப் பிழைகள் இன்னும் நுட்பமானவை. ‘எஸ்’ என்ற எழுத்தோடு சேர்த்து வழியில் நிற்பவர் வேறு சில பைட்டுகளையும் அனுப்பினால், மறைகுறியாக்கம் தொடங்கிய பின்னர் அவை பாதுகாப்பாக வந்தவை போல ஏற்கப்பட்டன. சான்றிதழ் சரி, பெயர் சரி, மறைகுறியாக்கமும் சரி. ஆனால் முன்கூட்டியே வந்து காத்திருந்த பைட்டுகளை யாரும் துடைத்தெறியவில்லை.

இந்தப் பிழைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அவை இருந்த காலம் முழுவதும் தொடுப்புகள் ஒழுங்காக வேலை செய்தன. வாடிக்கையாளர் முறையிடவில்லை, சேவையகம் நிற்கவில்லை. சரியான சான்றிதழோடு எத்தனை தடவை இணைத்துப் பார்த்தாலும் இவற்றில் ஒன்றுகூட அகப்பட்டிருக்காது.

2012இல் ஸ்டான்ஃபோர்ட், டெக்சஸ் ஆஸ்டின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலாவி அல்லாத மென்பொருள்கள் சான்றிதழைச் சரிபார்க்கும் விதத்தை ஆராய்ந்து, பணப் பரிமாற்ற நூலகங்கள் உட்பட பரவலாகப் பயன்பட்ட பல மென்பொருள்களில் சரிபார்ப்பு முற்றாக உடைந்து கிடப்பதைக் காட்டினார்கள். 2014இல் வந்த தொடர் ஆய்வு ஒன்று, உண்மையான சான்றிதழ்களின் துண்டுகளை வெட்டி ஒட்டி 81 இலட்சத்துக்கு மேற்பட்ட கோணல் சான்றிதழ்களைச் செய்து, பல மறைகுறியாக்க நூலகங்களிடம் கொடுத்துப் பார்த்தது. ஒன்று மறுத்ததை மற்றொன்று ஏற்ற முரண்பாடுகள் 208 வெளிவந்தன. கெட்ட சான்றிதழை வேண்டுமென்றே செய்து கொடுத்துப் பார்ப்பதன் வலிமையை அந்த ஆய்வு நிலைநாட்டியது.

தோற்க வேண்டியது தோற்கிறதா

போஸ்ட்கிரெஸின் மூல நிரலுக்குள் இதற்கெனத் தனி அடைவு ஒன்று இருக்கிறது. அதன் சோதனைகள் பேர்ள் மொழியில் எழுதப்பட்டவை. உள்ளே போனால் ஒரு சிறிய சான்றிதழ் அரசாங்கமே அங்கே நடப்பதைக் காணலாம். சான்றிதழ்களுக்கு ஒப்பமிடும் ஒரு வேர் அதிகாரம், அதன் கீழே சேவையகங்களுக்கு ஒன்றும் வாடிக்கை மென்பொருள்களுக்கு ஒன்றுமாக இரண்டு இடைநிலை அதிகாரங்கள். அவை ஒப்பமிட்ட சான்றிதழ்கள் பலவகை: ஒரு பெயர் கொண்டது, பல பெயர் கொண்டது, பெயரே இல்லாதது, நட்சத்திரக் குறியால் பல பெயர்களை உள்ளடக்குவது, இரத்துச் செய்யப்பட்டது. பிறர் வாசிக்கக்கூடிய அனுமதியோடு விடப்பட்ட இரகசியச் சாவி ஒன்றும் உண்டு. அதை மென்பொருள் ஏற்க மறுக்க வேண்டும்.

அந்தச் சோதனைகளில் அடிக்கடி வரும் கட்டளைகள் இரண்டு. ஒன்று, இந்தத் தொடுப்பு வெற்றிபெற வேண்டும் என்பது. மற்றது, இந்தத் தொடுப்பு தோற்க வேண்டும் என்பது. தோற்க வேண்டும் என்று எழுதும்போது, வரவேண்டிய பிழைச் செய்தியையும் சேர்த்து எழுதுகிறார்கள். இதுதான் இந்தச் சோதனைகளின் உயிர்நாடி. பெயர் பொருந்தாததால் மறுக்கப்பட வேண்டிய தொடுப்பு, கடவுச்சொல் பிழையாலோ சேவையகம் இயங்காததாலோ தோற்றிருந்தால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சோதனை தேறியதாகவே தோன்றும். பெயர்ச் சரிபார்ப்பு செத்துக் கிடந்தாலும் தெரியவராது. மறுப்பு மட்டும் போதாது, சரியான காரணத்துக்காக மறுத்ததா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுட்பமும் கவனத்துக்குரியது. சோதனைக்கான சேவையகப் பெயர்கள் உலகில் எங்கும் இல்லாதவை. பெயரைத் தனியாகவும் முகவரியைத் தனியாகவும் கொடுக்க போஸ்ட்கிரெஸ் இடமளிப்பதால், முகவரி அதே கணினியையே சுட்ட, பெயர் மட்டும் ஒப்பீட்டுக்குப் பயன்படுகிறது. இணையமும் வேண்டாம், பெயர்ச் சேவையகமும் வேண்டாம். ஒரு மடிக்கணினியே போதும். ஆனால் இந்தச் சோதனைத் தொகுதி தானாக ஓடுவதில்லை. அதே கணினியைப் பகிரும் பிறர் அணுகக்கூடிய வாயிலை அது திறப்பதால், கேட்டால் மட்டுமே ஓடும்படி வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டும் என்பதை அறியாதவர், எல்லாச் சோதனையும் தேறியது என்று நம்பிக்கொண்டிருப்பார்.

காலம் என்ற எதிரி

சான்றிதழுக்கு ஆயுள் உண்டு. 2018 டிசம்பர் 6 அன்று பிரித்தானியாவில் ஓடூ நிறுவனத்தின் கோடிக்கணக்கான பாவனையாளர்களின் கைத்தொலைபேசித் தரவுச் சேவை நாள் முழுவதும் நின்றது. ஜப்பானில் சொஃப்ட்பாங்கும் பாதிக்கப்பட்டது. எரிக்சன் வழங்கிய வலையமைப்பு மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியானதே காரணம். 2021 செப்டெம்பர் 30 அன்று, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத கருவிகளும் மென்பொருள்களும் உலகெங்கும் தடுமாறின.

சோதனைகளும் இந்தப் பொறியில் விழுகின்றன. ஓராண்டுச் சான்றிதழை வைத்து எழுதிய சோதனை ஓராண்டு கழித்து, நிரலில் ஒரு வரியும் மாறாமல், திடீரென்று தோற்கும். போஸ்ட்கிரெஸ் தன் சோதனைச் சான்றிதழ்களுக்கு 10,000 நாள் ஆயுள் கொடுத்திருப்பது இதனால்தான். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் சமூகத்தினர் கணினியின் நேரத்தை எதிர்காலத்துக்குத் தள்ளி மென்பொருளைக் கட்டிப் பார்த்து, காலத்தால் முறியப்போகும் சோதனைகளை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள்.

வன்னியில் காலம் மறுபக்கத்திலிருந்தும் தொல்லை தரும். பழைய கணினியின் தாய்ப்பலகை பற்றரி செத்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல ஆண்டு பின்னுக்குப் போய் நிற்கும். அப்போது நல்ல சான்றிதழும் ‘இன்னும் நடைமுறைக்கு வரவில்லை’ என்று மறுக்கப்படும். பற்றரியை மாற்றி நேரத்தைத் திருத்துவதே பரிகாரம். அவசரத்தில் செய்யப்படுவதோ, சரிபார்ப்பை அணைத்துவிடுவது. வேலை நடக்கிறது, முறைப்பாடு நிற்கிறது, கதவு திறந்தே கிடக்கிறது.

வருங்காலத்தில் இந்தச் சிக்கல் கூடும். உலாவிகள் ஏற்கும் பொதுச் சான்றிதழ்களின் உச்ச ஆயுள் 2020 செப்டெம்பரில் 398 நாளாகக் குறைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் எடுக்கப்பட்ட முடிவின்படி அது 2026 மார்ச்சில் 200 நாளாகவும், 2027 மார்ச்சில் 100 நாளாகவும், 2029 மார்ச்சில் 47 நாளாகவும் குறைகிறது. ஆண்டுக்கொருமுறை யாரோ ஒருவர் நினைவில் வைத்துப் புதுப்பிக்கும் வழக்கம் இனித் தாங்காது. தானியங்கிப் புதுப்பித்தலும் அந்தப் புதுப்பித்தலைச் சோதிப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகளாக வேண்டும். புதிய சான்றிதழ் கோப்பில் வந்து சேர்ந்தாலும், தரவுத்தளம் தன் அமைப்பை மீண்டும் ஏற்றும்வரை பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும்.

யாரை நம்புவது

சான்றிதழை ஒப்பமிடுபவரே தவறினால்? 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றிதழ் அதிகாரத்திலிருந்து, கூகுளின் இணைய முகவரிகளுக்கு அதிகாரமற்ற சான்றிதழ்கள் வெளிவந்ததை கூகுள் கண்டுபிடித்தது. அடுத்த நாளே, சான்றிதழ் அதிகாரங்களைக் கட்டுப்படுத்தும் இந்திய அமைப்பு அந்த இடைநிலைச் சான்றிதழ்களை இரத்துச் செய்தது. நம் அயலில் நடந்த இந்த நிகழ்வு தரவுத்தள நிர்வாகிக்கு ஒரு பாடம்: நூற்றுக்கு மேற்பட்ட அதிகாரங்களை நம்பும் பட்டியல் உலாவிக்குத் தேவைப்படலாம், ஒரு மருத்துவமனைத் தரவுத்தளத்துக்குத் தேவையில்லை. நிறுவனம் தனக்கென ஒரு வேர் அதிகாரத்தை உருவாக்கி, தன் மென்பொருள்களை அதை மட்டும் நம்பச் செய்தால், வெளியே எந்த அதிகாரம் தவறினாலும் இந்தத் தொடுப்பு அசையாது. அந்த வேரின் இரகசியச் சாவியை வலையமைப்புக்கு வெளியே பூட்டி வைக்கும் பொறுப்பு மட்டும் கூடவே வரும்.

இலங்கைச் சட்டமும் இப்போது இந்தப் பக்கம் நிற்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள்வோர் எடுக்க வேண்டிய தொழில்நுட்ப நடவடிக்கைகளுள் மறைகுறியாக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தொடுப்புப் பாதுகாப்பின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 2021இல் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் தரவுகள் அழிந்துபோனதும், 2023 ஓகஸ்ட் தாக்குதலில் அரசாங்க மேகக் கணிமையில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போனதும் தொடுப்பில் ஒட்டுக்கேட்டதால் நேர்ந்தவையல்ல. காப்புப் பிரதியும் அணுகல் கட்டுப்பாடும் காலத்துக்குக் காலம் புதுப்பித்தலும் தனித்தனிக் கடமைகள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

செய்ய வேண்டியவை

அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் வன்னிப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை கைக்கெட்டிய வேலை. முள்ளியவளை வித்தியானந்தாக் கல்லூரியில் உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் எடுக்கும் மாணவரும் ஆசிரியரின் துணையோடு செய்யலாம். போஸ்ட்கிரெஸும், சான்றிதழ்களை உருவாக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எல்லும் இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையமே வேண்டியதில்லை. சொந்த வேர் அதிகாரம் ஒன்றை உருவாக்குங்கள். நல்ல சான்றிதழோடு இணைத்து, எந்தத் தொடுப்பு எந்தப் பதிப்பு மறைகுறியாக்கத்தில் போகிறது என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பட்டியலைப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கெடுத்துப் பாருங்கள்: வேறு அதிகாரத்தின் சான்றிதழ், காலாவதியான சான்றிதழ், பெயர் மாறிய சான்றிதழ், இரத்துச் செய்யப்பட்ட சான்றிதழ், மறைகுறியாக்கமே இல்லாத தொடுப்பு. ஐந்தும் மறுக்கப்பட வேண்டும். ஒவ்வொன்றும் அதற்குரிய காரணத்தோடு மறுக்கப்பட வேண்டும். இரத்துச் செய்ததை மறுக்க வேண்டுமானால் இரத்துப் பட்டியலை நாமே கொடுத்திருக்க வேண்டும் என்பதையும், திறந்த தொடுப்பைச் சேவையகமே மறுக்க வேண்டுமானால் அதன் அனுமதிக் கோப்பில் அப்படி எழுதியிருக்க வேண்டும் என்பதையும் செய்து பார்க்கும்போதுதான் உணர்வீர்கள்.

மென்பொருளைப் பொறுப்பேற்கும் அலுவலகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரதேச செயலகமோ, மருத்துவமனையோ, கூட்டுறவுச் சங்கமோ, புதிய முறைமையைக் கையேற்கும் நாளில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். மேற்சொன்ன ஐந்து மறுப்புகளையும் உங்கள் முன்னிலையில் செய்து காட்டும்படி கேளுங்கள். ஒப்பந்தத்திலேயே அதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். அரை மணி நேர வேலை அது. செய்து காட்ட முடியாத முறைமையில் இந்த மக்களின் பதிவுகளை வைக்கக்கூடாது.